மூன்று வெள்ளிச் சீட்டு

1975 ஜூன் 2, திங்கட்கிழமை காலை ஏழரை மணி. இடம் சிங்கப்பூர். நகர மையத்துக்குள்ள நுழையுற சாலைகளுக்கு மேல புதுசா அறிவிப்புப் பலகைகள் வந்திருக்கு. டோல் கேட் மாதிரி தடுப்பு எதுவும் இல்லை, வண்டியை நிறுத்திக் காசு கட்டவும் வேண்டாம். ஓரமா ஒரு காவலர் நின்று, போற கார்களோட முன்கண்ணாடியைப் பார்க்கிறார். அதில் ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருக்கணும். இல்லைன்னா நம்பரைக் குறிச்சுக்குவார். மீதியைத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டு வந்து கொடுப்பார்!

சீட்டோட விலை நாளுக்கு 3 வெள்ளி, மாசத்துக்கு 60. தபால் நிலையத்திலும் பெட்ரோல் பங்கிலும் வாங்கலாம்.

நெரிசலான சாலைக்கு விலை வைக்கணும்னு பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1950களிலேயே சொல்லிட்டார். 1964இல் பிரிட்டன்ல ஸ்மீட் குழு தனி அறிக்கையே கொடுத்தது. எந்த ஊரும் தொடலை. காரணம் லேசா ஊகிக்கலாம்: கார் வச்சிருக்கிறவங்க கையில ஓட்டும் இருக்கே. முதல்ல செஞ்சு பார்த்தது சிங்கப்பூர்தான்.

அரசோட இலக்கு, காலை நேர வண்டிகளை 25 முதல் 30 சதவீதம் குறைப்பது. குறைஞ்சதோ கிட்டத்தட்ட 44 சதவீதம்.

ஆனா எனக்குப் பிடிச்ச கதை இந்த நம்பர் இல்லை. விதியோட ஓரங்கள்ல ஜனங்க என்ன செஞ்சாங்க என்பதுதான்.

கட்டணம் ஒன்பதரை வரைக்கும்தானே? பலர் எல்லைக்கு வெளியே ஒன்பதரை அடிக்கிற வரைக்கும் காத்திருந்து, மொத்தமா உள்ளே பாய்ஞ்சாங்க. இரண்டே மாசத்துல நேரத்தைப் பத்தே கால் வரைக்கும் நீட்டிட்டாங்க. எல்லைக்கு வெளியே காரை நிறுத்திட்டு சின்ன பஸ்ல போங்கன்னு பெரிய பெரிய பார்க்கிங் இடங்களைக் கட்டி வச்சாங்க. அதெல்லாம் காத்தாடிச்சு. பாதி தூரம் கார், பாதி தூரம் பஸ்னு யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? வீட்டுப் பக்கத்துலயே நேரா பஸ் ஏறிட்டாங்க. பல தனியார் பஸ் கம்பெனிகளை 1973இல்தான் இணைச்சு ஒரே நிறுவனம் ஆக்கியிருந்தாங்க. ஏற பஸ் இருந்தது. இது இல்லாம வெறும் கட்டணத்தை மட்டும் காப்பியடிச்சா, அது தண்டனை மட்டும்தான்.

இன்னொரு விதி: ஓட்டுநரையும் சேர்த்து நாலு பேர் இருந்தா கட்டணமே இல்லை. உடனே கார்க்காரங்க பஸ் ஸ்டாப்ல நின்னு, முன்பின் தெரியாதவங்களை ஏத்த ஆரம்பிச்சாங்க. பஸ்ஸுக்கு நின்னவருக்கு ஓசி சவாரி, கார்க்காரருக்கு மூணு வெள்ளி மிச்சம். ஆனா கணக்குப் பாருங்க: பஸ்ல போக வேண்டியவர் காருக்கு மாறிட்டார், அந்த கார் சாலையிலயேதான் ஓடுது.

அதிகாரிகள் பெரிசா ஏமாந்தது சாயந்திரத்துல. காலையில வராத கார் சாயந்திரம் திரும்பாது, அதுவும் தானா குறையும்னு நம்பினாங்க. பெரிசா குறையலை. மையத்தைக் கடந்து அந்தப் பக்கம் போறவங்க காலையில சுத்துவழியா போனாங்க. சாயந்திரம் கட்டணம் இல்லாததால நடுவுல புகுந்தே வீடு திரும்பினாங்க.

இன்னொரு கேள்வியும் இருக்கு. நல்ல வசதி இருக்கிறவருக்கு மூணு வெள்ளி ஒரு பொருட்டா? அவர் பழையபடியே வந்தார், அதுவும் காலியான சாலையில. கஷ்டப்பட்டு முதல் கார் வாங்கினவர்தான் யோசிச்சார். பஸ்ஸும் அதே காலியான சாலையில வேகமா போச்சு என்பது உண்மை. அதுக்காக இந்தக் கேள்வி இல்லாம போயிடலை.

1989 ஜூன்ல சாயந்திரத்துக்கும் கட்டணம் வந்தது. நாலு பேர் சலுகை ரத்து. மோட்டார் சைக்கிளும் சரக்கு வண்டியும் கட்டணத்துக்குள்ள வந்தாச்சு. 1998இல் காகிதமே போயிடுச்சு. வண்டிக்குள்ள ஒரு சின்னக் கருவி, அதில் பண அட்டை. பழைய சீட்டு வாங்கினா நாள் முழுக்க எத்தனை தடவை வேணும்னாலும் உள்ளே போயிட்டு வரலாம். புது முறையில வளைவைக் கடந்த ஒவ்வொரு தடவையும் அட்டையில காசு குறைஞ்சது, எவ்வளவுங்கிறது அப்போ மணி என்னன்னு பார்த்து.