கொழும்பு மாநகரின் இடப்பெயர்களும் அவை உணர்த்தும் வரலாறும்

கொழும்பு மாநகரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் ஒரே வழியிற் செல்கின்றனர். காலிமுகத்திடல், 1877ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நூதனசாலை, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, துறைமுகம் என்பவற்றைக் கண்டதும் நகரம் முழுவதையும் கண்டுவிட்டதாகக் கருதி மீளுகின்றனர். பாடசாலை மாணவரின் கல்விச் சுற்றுலாக்களும் இவ்வொழுங்கினையே தழுவுவன. இவை யாவும் காணத்தக்கனவே. எனினும், நகரத்தின் பழைய வரலாறு இவற்றிற் பெரிதும் தங்கவில்லை. கோட்டைப் புகையிரத நிலையத்தினின்று நடந்தே சென்று சேரத்தக்க சில நெருக்கமான தெருக்களிலும், சிறு மேடுகளிலும், வாவிக் கரையிலுமே அது தங்கியுள்ளது.

அப்பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அல்லது மூன்று பெயர்கள் உள. ஆள்வோர் ஒரு பெயரால் அழைத்த இடத்தை அங்கு வாழ்ந்தோர் பிறிதொரு பெயரால் அழைத்தனர். அப்பெயர்களை ஒப்புநோக்குவார்க்கு, ஏடுகளில் இடம்பெறாத மக்களின் வரலாறு ஒருவாறு புலனாகும். அதனைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதினான்காம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பத்தூத்தா கொழும்பினைக் குறிப்பிட்டுள்ளார். ஆதலின், ஐரோப்பியர் வருமுன்னரே இஃது அறியப்பட்ட துறையாய் இருந்தமை தெளிவு. போர்த்துக்கேயர் 1518ஆம் ஆண்டு இங்கே கோட்டை கட்டினர். 1656இல் ஒல்லாந்தரும் 1796இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். கோட்டையின் மதில்கள் 1869ஆம் ஆண்டு தொடக்கம் 1871ஆம் ஆண்டு வரையான காலத்தில் இடிக்கப்பட்டன. மதில் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகள் சென்றும், கோட்டை என்னும் பெயர் மறையவில்லை. கல்லினும் சொல் நெடிது வாழும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கோட்டைக்குக் கிழக்கே உள்ளது புறக்கோட்டை. போர்த்துக்கேயர் காலத்தில் இப்பகுதியும் மதிலுக்குள்ளேயே அடங்கியிருந்தது. பரந்த நகரைக் காத்தல் அரிது எனக் கண்ட ஒல்லாந்தர், மேற்குப் பகுதியை மாத்திரம் அரண் செய்து கிழக்குப் பகுதியைப் பழைய நகரம் என்று ஒதுக்கினர். அவ்வாறு வெளியே நின்றமையாற் புறக்கோட்டை என்னும் பெயர் பொருத்தமாயிற்று. ஆங்கிலேயர் இதனைப் 'பெட்டா' என்றனர். அச்சொல் நமது 'பேட்டை' என்னும் சொல்லின் திரிபேயாகும். தமிழர் புறக்கோட்டை என்று கூற, ஆங்கிலேயர் தமிழ்ச் சொல்லொன்றை வழங்கியமை வியத்தற்குரியது.

இங்குள்ள பிரின்சு வீதியில் ஒல்லாந்தர் காலத்து மாளிகையொன்று நிற்கின்றது. 1692ஆம் ஆண்டு முதல் 1697ஆம் ஆண்டு வரை தேசாதிபதியாயிருந்த தோமசு வான் றீ என்பார்க்கு உறைவிடமாயிருந்த இக்கட்டடம், பிற்காலத்திற் பலவகைப் பயன்பாட்டிற்கு உட்பட்டு, அஞ்சலகமாகவும் இருந்து, 1982இல் ஒல்லாந்தர்கால நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. துணிக்கடைகளின் நடுவே நிற்பதால், அதன் வாயிலைக் கடந்து செல்வோருட் பலர் அதனை நோக்குவதில்லை. இன்னும் கிழக்கே சென்றால் 'கேமன்ஸ் கேற்' என்னும் இடத்தில் மணிக்கூண்டொன்றைக் காணலாம். கேமன் என்பது முதலையைக் குறிக்கும். அருகிலிருந்த நீர்நிலைகளில் முதலைகள் வாழ்ந்தமையால் நகரவாயில் அப்பெயர் பெற்றதென்பர். வாயிலும் இன்றில்லை, முதலையும் இன்றில்லை, பெயர் மாத்திரம் நிலைத்துள்ளது.

அங்கிருந்து சற்றே ஏறிச் சென்றால் வுல்பெண்டால் மேட்டை அடையலாம். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் நிறைவேற்றிய பெருந்தேவாலயம் அங்கே சிலுவை வடிவில் அமைந்துள்ளது. கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தின் கல்லறைக் கற்கள் 1813ஆம் ஆண்டு இங்குக் கொணரப்பட்டன. வுல்பெண்டால் என்பதற்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது பொருள். இலங்கைக் காடுகளில் ஓநாய் இல்லை. ஆயின் இப்பெயர் வந்தவாறு என்னை? போர்த்துக்கேயர் இவ்விடத்திற் குவாதலூப்பே அன்னைக்குக் கோயில் எடுத்திருந்தனர். அப்பெயரைச் சரிவர அறியாத ஒல்லாந்தர், அதில் ஓநாயைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் உள்ளதெனக் கொண்டு தம் மொழியிற் பெயர்த்தனர் என்பது ஆராய்ச்சியாளர் பலரும் கூறும் விளக்கம். வென்றவர் தோற்றவரின் மொழியைப் பிழைபடக் கேட்டதன் விளைவாக, இல்லாத விலங்கொன்று ஒரு மேட்டுக்குப் பெயராயிற்று.

இதனையடுத்து நீதிமன்றங்கள் நிறைந்த பகுதி உள்ளது. கொழும்பு முற்றுகையின்போது 1656ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் உயிர்துறந்த ஒல்லாந்தத் தளபதி கெராட் ஹுல்வ்ற் என்பாரின் பெயரால் ஆங்கிலத்தில் இது 'ஹல்ஸ்டொப்' எனப்படும். சிங்கள மக்கள் 'அளுத்கடே' என்றும் தமிழர் 'புதுக்கடை' என்றும் கூறுவர். இரண்டிற்கும் பொருள் ஒன்றே. ஆள்வோர் தம் தளபதியை நினைந்தனர். மக்களோ தாம் சென்று பண்டம் வாங்கிய கடைகளை நினைந்தனர். தளபதியை அறிந்தார் இன்று சிலரே. புதுக்கடையை அறியாதார் இலர்.

கடற்கரைப் பக்கமாகச் செல்லும் தெருவை ஆங்கிலேயர் கடல்வீதி என்றனர்; தமிழர் செட்டியார் தெரு என்றனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இங்கிருந்து அரிசி வாணிகமும் வட்டித் தொழிலும் நடத்தினர். இன்று நகைக்கடைகள் செறிந்துள்ள இத்தெருவிற் கதிரேசன் கோயில்கள் உள. 1874ஆம் ஆண்டு தொடங்கிய வேல்விழாவுக்கு இத்தெருவே நிலைக்களமாகும். வடக்கே சிறிது தூரத்தில் உள்ளது கொச்சிக்கடை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குருவானவர் இங்கு மறைவாகச் சமயத்தொண்டு செய்தார் என்பது செவிவழிச் செய்தி. அவர் தொடக்கிய சிறு வழிபாட்டிடமே புனித அந்தோனியார் திருத்தலமாய் வளர்ந்தது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானதும் இத்தலமே.

அதற்கு அணித்தாய் உள்ளது பொன்னம்பலவாணேசர் கோயில். 1856இல் பொன்னம்பல முதலியார் அமைத்த இவ்வாலயத்தை அவர்தம் புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கி 1912இல் நிறைவு செய்தார். நெரிசல் மிக்க தெருவினின்று உள்ளே புகுவோர்க்கு அக்கற்றூண்களின் நிழலும் தண்மையும் பாண்டிநாட்டுப் பழங்கோயில் ஒன்றினுட் புகுந்தாற்போன்ற உணர்வைத் தரும்.

இறுதியாகக் கருதத்தக்கது வாவிக்கு அருகிலுள்ள கொம்பனித்தெரு. கொம்பனி என்பது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியைச் சுட்டும் என்பர். சிங்களப் பெயரும் இப்பொருளதே. ஆங்கிலேயரோ இதனை அடிமைத்தீவு என்னும் பொருள்பட 'சிலேவ் ஐலண்ட்' என்றனர். பகற்பொழுதிற் கோட்டையில் வேலைசெய்த ஆபிரிக்க, கீழைத்தேய அடிமைகளை ஒல்லாந்தர் இரவில் நீர்சூழ்ந்த இவ்விடத்தில் அடைத்துவைத்தனர். இலங்கையில் அடிமைமுறை 1844இற் சட்டப்படி ஒழிந்தது. சாவகத்திலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் கொணரப்பட்ட மலாயரின் வழித்தோன்றல்களும் இங்கே வாழ்ந்தனர். சாவகத் தெரு என்னும் பெயரும் பழைய மலாயப் பள்ளிவாசல்களும் அவர்தம் சுவடுகளாகும்.

முன்னர்க் கூறிய இடங்களில் மக்கள் வழங்கிய பெயரே மக்களின் வாழ்வைக் காத்தது. இங்கு நிலைமை மாறியுள்ளது. நம் மொழிப்பெயர் ஆண்ட கொம்பனியை நினைவூட்ட, பிறமொழிப்பெயரே அடிமைகளின் துயரை மறவாது வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் சிங்களப் பெயரையே வழங்குமாறு அரசினர் பணித்தனர். இழிவு தரும் பெயரை நீக்க விரும்புதல் இயல்பே. ஆயினும், அப்பெயரோடு அங்குத் துன்புற்றாரின் நினைவும் நீங்குமாயின், அவர்களுக்கு வேறு நினைவுச்சின்னம் யாது? அண்மைக் காலத்திற் பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டு அங்கே வானளாவிய மாடங்கள் எழுந்துள்ளமையால் இவ்வினா மேலும் வலுப்பெறுகின்றது.

ஆதலின், ஒரு மொழியில் வழங்கும் பெயரை மாத்திரம் கொண்டு இந்நகரின் வரலாற்றை முற்றாக அறிதல் இயலாது. தமிழ்ப்பெயர் மறந்ததைச் சிங்களப்பெயர் கூறும்; அவ்விரண்டும் மறந்ததை ஒல்லாந்தப்பெயரோ ஆங்கிலப்பெயரோ கூறும். கொழும்புக்குச் செல்லும் மாணவர் குழுக்கள் ஒரு காலைப்பொழுதையேனும் இப்பகுதிகளுக்கு ஒதுக்குதல் நன்று. தெருமுனைப் பலகையில் மும்மொழியிலும் எழுதப்பட்டுள்ளவற்றைக் குறித்துக்கொண்டு, அவை ஒன்றற்கொன்று மாறுபடும் இடங்களில் நின்று, மாறுபட்டது ஏன் என வினாவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கூறவல்ல முதியோர் பலர் இன்றும் அத்தெருக்களில் வாழ்கின்றனர்.