ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம்

அரியலூர் மாவட்டம் திருமானூர் வட்டாரத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள கத்தோலிக்கத் திருத்தலம். கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. திருக்காவலூர் என்ற பெயரை இவ்வூருக்கு இட்டவர் வீரமாமுனிவர் என்று அறியப்படும் பெஸ்கி.

இத்தாலியில் 1680இல் பிறந்த இயேசு சபைத் துறவி பெஸ்கி, 1710இல் கோவாவில் இறங்கி மதுரை மிஷனில் சேர்ந்தார். 1720, 30களில் ஏலாக்குறிச்சி அவருடைய முக்கிய இருப்பிடங்களில் ஒன்றாக இருந்தது. அரியலூர் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை கண்டபோது, முனிவர் மாதாவை வேண்டிச் சேற்றைப் பூசிக் குணப்படுத்தினார் என்றும், அதற்கு நன்றியாக மழவராயர் கோயிலுக்கு நிலம் விட்டார் என்றும் ஊரார் சொல்வர். இந்தக் கதை பெற்ற புகழில், இங்கே நடந்த உபதேசியார் பயிற்சி பலருக்குத் தெரியாமலே போயிற்று.

அன்று குருக்கள் மிகச் சிலர். ஊர்களோ எட்டாத் தொலைவில் சிதறிக் கிடந்தன. சாமியார் எப்போதாவதுதான் வருவார். இடைக்காலத்தில் செபம் சொல்லிக்கொடுப்பதும், சாகக்கிடப்பவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் உபதேசியார் பொறுப்பு. அவர்களுக்காகவே பெஸ்கி எழுதிய உரைநடை நூல் ‘வேதியர் ஒழுக்கம்’. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளிடம் அச்சகமே இருந்தது. அவர்களுக்கு மறுப்பாக ‘வேத விளக்கம்’ எழுதிய பெஸ்கியிடம் இருந்தது ஏடும் எழுத்தாணியும்தான். அவருடைய நூல்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறின.

‘தொன்னூல் விளக்கம்’ (1730), ‘சதுரகராதி’ (1732) இரண்டும் பெஸ்கியின் ஏலாக்குறிச்சிக் காலத்தவை. செய்யுளாக மனப்பாடம் செய்ய வேண்டியிருந்த நிகண்டுச் சொற்களை அகர வரிசையில் அடுக்கியது பின்னது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்டது. ஊர்ப்பெயரின் முதலெழுத்தான ஏகாரத்துக்கு இன்றைய வடிவம் தந்தவரும் அவரே என்பது தமிழாசிரியர்கள் சொல்லத் தவறாத செய்தி. தெய்வங்களுக்கும் மன்னர்களுக்கும் பாடப்பட்டுவந்த கலம்பகத்தை இச்சிற்றூர் மாதாவுக்குப் பாடியது (திருக்காவலூர்க் கலம்பகம்) துணிச்சலான செயல்தான்.

1741இல் மராட்டியர் திருச்சியைப் பிடித்து, அங்கே ஆண்டுவந்த, பெஸ்கியை ஆதரித்த சந்தா சாகிபுவைச் சிறைகொண்டு போயினர். பெஸ்கி 1747இல் காலமானார். 1773இல் போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்தபின் பழைய மதுரை மிஷன் நலிந்தது. 1899இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரித்துக் கும்பகோணம் மறைமாவட்டம் அமைக்கப்பட்டது.