தாழ்நாதம் வந்த வழி

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தபோது, பொருள் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. சங்க அறையின் மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் பேஸ் கிதாரும், அதனருகே கிடக்கும் கனத்த ஒலிபெருக்கிப் பெட்டியுமே பொருளாயின. சென்ற பொதுக்குழுவில் அன்பர் ஒருவர் எழுந்து, "வாசிப்பாரற்றுக் கிடக்கும் இவற்றை விற்று வங்கியில் இட்டால் வட்டியாவது வருமே" என்றார். அவர் கூற்றில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் முடிவு காணுமுன், இக்கருவி எங்கே பிறந்தது, கொச்சிக் கரைக்கு எவ்வாறு வந்தது, தமிழருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு யாது என்பனவற்றை நம் குடும்பத்தார் அறிந்திருப்பது நலம் என எண்ணினோம். அதன் விளைவே இக்கட்டுரை.

கருவியின் பிறப்பு

எந்த இசைக்கும் அடித்தளமாக ஒரு தாழ்ந்த நாதம் வேண்டும். நம் கச்சேரிகளில் தம்புராவின் மந்தரத் தந்தியும், ரவை பூசிய மிருதங்கத்தின் தொப்பியும் அப்பணியைச் செய்கின்றன. மேலை நாட்டார் அதற்கென ஆளுயரத்தையும் விஞ்சிய 'டபிள் பேஸ்' என்னும் பெரிய வில்லிசைக் கருவியை வைத்திருந்தனர். அதனைத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. எக்காளமும் முரசும் சூழ்ந்த மேடையிலோ அதன் ஒலி அமிழ்ந்துபோகும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே மின்விசையால் ஒலிக்கும் சிறிய பேஸ் கருவியைச் செய்து பார்த்தார். அது பரவவில்லை. 1951ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் செய்த 'பிரிசிஷன் பேஸ்' என்னும் கருவியே உலகெங்கும் பரவியது. லியோ ஃபெண்டர் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துப் பிழைத்தவர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. அக்கருவிக்கு நான்கு தந்திகள். தந்தியின் நீளம் 34 அங்குலம். வீணைக்கு உள்ளதுபோல் மெட்டுகள் வைத்திருந்தமையால் சுரம் பிசகாமல் ஒலித்தது. 'துல்லியம்' என்னும் பொருளுடைய பெயரை அது பெற்றதும் அதனாலேயே.

தந்தியின் அடியில் காந்தமும், அதனைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. தந்தி அதிருங்கால் காந்தப் புலம் அசைந்து, சுருளில் நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது. அதனைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவதே ஆம்பிளிபயரின் வேலை. பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அத்தகைய நாதத்தை நம் செவி எளிதிற் பற்றுவதில்லை. ஆதலின் ஸ்பீக்கர் மிகுதியான காற்றைத் தள்ள வேண்டும். பெட்டி பெரிதாக வேண்டும். மின்திறனும் கூடுதலாக வேண்டும். ஃபெண்டர் நிறுவனம் 1952இல் 15 அங்குல ஸ்பீக்கருடன் 'பேஸ்மேன்' என்னும் ஆம்பிளிபயரை வெளியிட்டது. அதன் பிற்கால வடிவம் ஒன்றைப் பார்த்தே 1960களின் தொடக்கத்தில் இலண்டனில் ஜிம் மார்ஷல் தம் முதல் ஆம்பிளிபயரைச் செய்தார். தாழ்நாதத்துக்கென்று பிறந்த பெட்டி, இவ்வாறு ராக் இசையின் பேரொலிக்கும் மூதாதையாயிற்று.

கொச்சிக் கரையில்

கொச்சிக் கரை தாழ்நாதத்தை அமெரிக்காவிலிருந்து கற்றதன்று. இங்குள்ள இலத்தீன் கிறித்தவ மக்களிடையே 'சவிட்டு நாடகம்' என்னும் கூத்து வழங்கி வருகிறது. அரசரும் வீரருமாக வேடம் புனைந்தோர் பலகை மேடையைக் காலால் மிதித்து ஆடுவர். அந்த மிதியொலியே ஆட்டத்தின் ஆதார நாதம். மலையாள நாட்டுக் கடற்கரைக் கூத்தாயினும் அதன் பழைய ஏடுகளில் தமிழ் நிறைந்திருக்கிறது. 'காறல்மான் சரித'த்தை ஆக்கியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழர் என்று வழிவழியாகக் கூறுவர். வடக்குப் பறவூரை அடுத்த கோதுருத்தில் இக்கூத்து இன்றும் நடைபெறுகிறது. ஆலுவாவிலிருந்து அதிக தொலைவில்லை. நம் பிள்ளைகளை ஒருமுறையேனும் அழைத்துச் சென்று காட்டுதல் வேண்டும்.

மட்டாஞ்சேரியிலோ வேறொரு மரபு. இரவு முழுதும் நீளும் மெஹ்பில்களில் ஆர்மோனியமும் தபலாவும் ஒலிக்க, எச். மெஹபூப் (1926–1981) போன்ற பாடகர்கள் எளிய மக்களின் நெஞ்சைக் கவர்ந்தனர். அங்கே தாழ்நாதம் தபலாவின் இடப்பக்கத்துக் குடத்திலிருந்து எழுந்தது. அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியில் 1940இல் பிறந்த கே. ஜே. யேசுதாஸைத் தமிழர் இல்லந்தோறும் அறிவர்.

இத்தகைய நிலத்தில் பேஸ் கிதார் வேரூன்றியதில் வியப்பில்லை. 1969இல் ஆபேல் பாதிரியார் தொடங்கிய கலாபவனின் கானமேளைகளும், அவற்றைப் பின்பற்றிய குழுக்களும் கோயில் திருவிழாக்களுக்கும் பள்ளி விழாக்களுக்கும் மின்னிசையைக் கொண்டு சென்றன. 1977இல் கொச்சியில் உருவான '13 ஏடி' என்னும் குழு, எர்ணாகுளத்துச் சீலார்ட் ஓட்டலில் ஆங்கில ராக் இசையை வாசித்துப் புகழ்பெற்றது. 1990இல் 'கிரவுண்ட் ஜீரோ' என்னும் சொந்தப் பாடல்களின் தொகுதியையும் வெளியிட்டது.

வாங்கலும் விற்றலும்

இன்று பணமிருந்தால் வீட்டிலிருந்தே கருவியை வரவழைக்கலாம். 1991இல் பொருளாதாரக் கொள்கை மாறும் வரை நிலைமை அவ்வாறன்று. இறக்குமதிக் கட்டுப்பாடும் உயர்ந்த சுங்க வரியும் குறுக்கே நின்றன. கப்பலில் வேலை பார்ப்போரும், வளைகுடா நாடுகளிலிருந்து திரும்புவோரும் கொண்டுவந்தால்தான் வெளிநாட்டுக் கருவி கண்ணிற்படும். மற்றவர் கல்கத்தாவில் செய்த கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கிதார்களைக் கொண்டு நிறைவடைந்தனர். சென்னை மவுண்ட் ரோட்டில், 1842இல் மிஸ்குவித் கம்பெனியாகத் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடை வாத்தியக்காரர்களுக்குப் புகலிடமாயிருந்தது. புதியது வாங்க இயலாதவர் பழையதை வாங்கினர். பழையதும் இயலாதவர் நாள் வாடகைக்கு எடுத்தனர்.

நம் சங்கத்துக் கருவியும் பிறர் வாசித்துக் கைவிட்ட பழையதே. கலைந்துபோன குழுவொன்றின் உறுப்பினரிடம், பளபளப்பைக் கண்டு மயங்கி வாங்கினோம். முதல் விழாவிலேயே ஒரு தந்தி மெட்டில் உரசி இரைந்தது. பெட்டியோ வாழ்த்துரை முடியும் வரை 'உம்' என்று முழங்கிக்கொண்டிருந்தது. தலைமை தாங்கிய பெரியவர், "நம் உரைக்கும் சுருதி கூட்டினீர்களோ?" என்று கேட்டது பலருக்கும் நினைவிருக்கும். பட்டறிவால் நாம் கற்றவற்றை, வாங்க நினைப்போர் பொருட்டுச் சொல்லி வைக்கிறோம்.

முதலில் கிதாரின் கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கிற் பார்த்து, வளைவு அளவுக்கு மிஞ்சியுள்ளதா என நோக்குக. பிறகு ஒவ்வொரு தந்தியையும் வெறுமையாகவும், பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தியும் மீட்டுக. இரண்டும் ஒரே சுரமாக, ஒன்று கீழ்த்தாயியிலும் மற்றொன்று மேல்தாயியிலும் பொருந்தி நிற்க வேண்டும். எல்லா மெட்டிலும் விரல் வைத்து இரைச்சலுண்டா எனக் கேட்க. திருகுகளைத் திருப்புங்கால் கரகரவென்றால் அவை தூசியடைந்தவை. அது எளிதில் தீரும் குறை. கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாலோ விலை எவ்வளவு மலிவாயினும் வேண்டா. சாதாரணக் கிதாருக்கான சிறு ஆம்பிளிபயரில் பேஸ் கிதாரைப் பொருத்தி உரக்க வாசித்தால் ஸ்பீக்கர் கிழியும் என்பதையும் மறவற்க.

பழநிக்குப் போன பிள்ளை

கருவி வணிகத்தை விட்டு, அக்கருவிகளால் வாழ்ந்த இரண்டு குடும்பங்களைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் கூறினோம்.

1936ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் ஃபோர்ட் கொச்சியில் எம். கே. அர்ஜுனன் பிறந்தார். பதினான்கு மக்களில் இளையவர். தந்தையை இழந்து வறுமையுற்ற அக்குடும்பம், அவரையும் அவர் தமையனாரையும் பழநியிலிருந்த ஓர் ஆசிரமத்துக்கு அனுப்பியது. பசியாற்றச் சென்ற பிள்ளைகளின் குரலைக் கேட்ட ஆசிரமத்தார், குமரய்யா பிள்ளை என்னும் ஆசிரியரைக் கொண்டு இசை பயிற்றுவித்தனர். ஊர் திரும்பிய அர்ஜுனன் நாடகக் குழுக்களில் ஆர்மோனியம் வாசித்தார். தேவராஜன் மாஸ்டரின் துணையைப் பெற்றார். 1968இல் 'கறுத்த பௌர்ணமி' என்னும் படத்துக்கு இசையமைத்தார். மலையாள நாடு அவரை 'அர்ஜுனன் மாஸ்டர்' என்று போற்றியது. கேரள அரசின் திரைப்பட விருது 2017ஆம் ஆண்டுக்குத்தான் அவரை வந்தடைந்தது. 2020 ஏப்ரல் 6ஆம் நாள் பள்ளுருத்தியில் அவர் மறைந்தார். பழநியிற் பெற்ற தமிழ்ச் சோறும் தமிழிசையும் கொச்சிக்குத் தந்த செல்வம் அவர்.

கோடம்பாக்கத்து வீடு

அர்ஜுனன் மாஸ்டரின் பாடல்களுக்கு வாத்திய இசையை ஒழுங்கு செய்தவர், தமிழரான ஆர். கே. சேகர். 1964இல் 'பழசிராஜா' என்னும் மலையாளப் படத்துக்கு இசையமைத்தவர் இவர். வயலின்கள் எங்கே எழ வேண்டும், பேஸ் எவ்வழி நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதைப் பகுத்தளிப்பவரே இசை ஒழுங்கமைப்பாளர். பாடலைக் கேட்போர் அவர் பெயரை அறிவதில்லை. மின்விசையால் இயங்கும் புதிய கருவிகளின்மீது சேகருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. ஈட்டிய பொருளை அவற்றில் இட்டார். 1976 செப்டம்பர் 30ஆம் நாள், 43ஆம் வயதில் அவர் காலமானார். மூத்த மகளும், ஒன்பது வயது மகனும், இளைய பெண்மக்கள் இருவரும், வீடு நிறைய வாத்தியங்களுமே எஞ்சின.

கருவிகளை விற்று, வரும் தொகையின் வட்டியில் வாழலாமே என்று அவர் துணைவியார்க்குச் சிலர் அறிவுரை கூறினர். அவ்வம்மையார் இசையவில்லை, மகன் வளர்ந்து அவற்றை ஏற்றுக்கொள்வான் என்று கூறி மறுத்துவிட்டார். பின்னர்க் கரீமா பேகம் எனப் பெயர் கொண்ட அவர், அக்கருவிகளை ஒலிப்பதிவுகளுக்கு வாடகைக்கு அனுப்பிக் குடும்பத்தைக் காத்தார். சிறுவனும் படிப்போடு வாத்தியமும் பழகினான். அவனைத் தம் இசைக் குழுவில் அமர்த்திக் கீபோர்டு வாசிக்கச் செய்தவர்களுள் முன்னோடி, தந்தையின் நண்பர் அர்ஜுனன் மாஸ்டரே. 1981இல் வந்த 'அடிமச்சங்கல' என்னும் படத்தை அதற்குக் குறிப்பிடுவர். பழநி கொச்சிப் பிள்ளைக்கு அளித்ததைக் கொச்சி ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் திருப்பி அளித்தது.

அச்சிறுவனே ஏ. ஆர். ரகுமான். 1992இல் 'ரோஜா' தமிழிலும் 'யோத்தா' மலையாளத்திலும் அவர் இசையுடன் வெளிவந்தன. 2009இல் இரண்டு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றபோது அம்மேடையில் தமிழும் ஒலித்தது. அவருடைய பாடல்கள் பலவற்றில் கேட்கும் பேஸ் கிதார், சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ் வாசித்தது. சேகர் மறைந்த 1976ஆம் ஆண்டிலேதான் 'அன்னக்கிளி'யின் வாயிலாக இளையராஜா திரையுலகில் அடியெடுத்து வைத்தார் என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது. பின்னணியில் ஒடுங்கியிருந்த பேஸ் கிதாரைத் தனித்த மெட்டாக நடைபயில விட்டவர் அவர். அவர் குழுவில் சசிதரன் வாசித்த பேஸை மட்டும் தனியே செவிகொடுத்துக் கேட்டுப் பாருங்கள். பாடலுக்குள் மற்றொரு பாடல் இருப்பது புலனாகும்.

நம் மூலையிற் கிடப்பவை

1943இல் திருச்சி சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் ஏலூரில் உர நிறுவனம் தோன்றி, 1947இல் உற்பத்தி தொடங்கியது. அது முதல் ஆலுவாவைச் சூழ்ந்த பகுதிகளுக்குத் தொழில் நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. குடியிருப்பில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். இருமொழிக்கும் பொதுவாக அவர்கள் கையில் கொடுக்கத் தக்கது இசை. கொச்சியும் தமிழ்நாடும் ஒன்றையொன்று எவ்வாறு வளர்த்தன என்பதை மேலே கண்டோம்.

விற்காமல் வைத்த வாத்தியமெல்லாம் ஒரு ரகுமானைத் தந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. வாசிப்பார் இல்லாத கிதார் வெறும் மரமே. துருவேறிய தந்தி யாருக்கும் பயன்படாது. அவ்வம்மையார் கருவிகளைத் துணி போர்த்தி வைக்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி. அவை நாள்தோறும் வீட்டை விட்டுச் சென்று, உழைத்து, திரும்பி வந்தன.

ஆகவே பொதுக்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். கழுத்தைச் செம்மைப்படுத்திப் புதிய தந்திகள் பூட்டுவோம். கற்க விரும்பும் பிள்ளைக்கு மாதம் ஒரு சிறு தொகைக்கு இரண்டையும் வீட்டுக்கே கொடுத்தனுப்புவோம். அத்தொகை பழுது பார்க்க உதவும். ஓராண்டு கழித்தும் கேட்பார் எவருமில்லையெனில் விற்றுவிடலாம். அப்போதும் அதிக விலை தருபவரைத் தேடாமல், வாசிப்பவரைத் தேடி விற்போம். வட்டி கேட்ட அன்பரும் இதற்கு இசைவார் என நம்புகிறோம், அவர் பேரனுக்கு இவ்வாண்டு பன்னிரண்டு வயது நிரம்புகிறது, விரல்களும் நீளம்.