கடலின் இருகரையும் ஒரு நிக்காஹ் ஏடும்

சபுராளி என்னும் சொல்லை நம் கடற்கரை ஊர்களில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி முதலிய ஊர்களில் நெடுங்காலம் அச்சொல் பெரும்பாலும் கொழும்புக்குச் சபர் சென்றவரையே குறித்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றுத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், ஊரில் மஃரிபு தொழுது புறப்பட்டவர் இரண்டொரு நாளில் கொழும்புக் கடையில் கணக்கெழுத அமர்ந்துவிடலாம் என்னும் நிலை வந்தது. அத்தீவின் குடிமதிப்பு இவர்களை 'இந்தியச் சோனகர்' என்று தனியே எண்ணியது. அங்குள்ள தமிழ் மக்கள் 'சம்மாங்காரர்' என்று அழைத்தனர்.

கடை அக்கரையில், மனைவி மக்கள் இக்கரையில். வறுமையால் மட்டும் வந்த ஏற்பாடு அன்று இது. மணமான பின்னும் பெண் தன் தாய்வீட்டிலேயே, அல்லது பெற்றோர் அவளுக்கென்று கொடுத்த வீட்டிலேயே வாழ்வது கீழக்கரை போன்ற ஊர்களின் வழக்கம். மாப்பிள்ளைதான் வந்து போகிறவர். ஆண்டுக்கொரு முறையோ, ஈராண்டுக்கொரு முறையோ அவர் வருவார். வந்த காலமெல்லாம் வீட்டில் பெருநாள்தான். இக்குடும்பத்தைப் பிளவுபட்ட குடும்பம் என்று ஊரில் எவரும் கருதியதில்லை. அப்படிக் கருதியது சட்டமே.

1948ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தால், அதுவரை ஊர்ப் பயணமாய் இருந்தது வெளிநாட்டுப் பயணமாயிற்று. கடவுச்சீட்டும் விசாவும் வேண்டியதாயின. அடுத்து வந்ததுதான் நமக்கு முக்கியமானது. அது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம். 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தீவில் இடையறாது வாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம் என்றது அச்சட்டம். மணமானவருக்கு மூன்றாண்டுச் சலுகை என்று இதைக் கண்டு மகிழ்ந்தவர்கள் அடுத்த நிபந்தனையைப் படித்திருக்க வேண்டும்: மனைவியும் சிறு பிள்ளைகளும் அத்தீவிலேயே இடையறாது வாழ்ந்து வந்திருத்தல் வேண்டும்!

நம் சபுராளிக்கு இது எவ்வாறு இயலும்? இருபது ஆண்டு கொழும்பில் கடை வைத்திருந்தவரானாலும், வரி செலுத்தியவரானாலும், 'உம் மனைவி எங்கே?' என்னும் ஒரு வினாவில் தடுமாறிப் போவார். 'இல்லை, எனக்கு மனைவியே இல்லை' என்று கூறவும் முடியாது. குடும்பம் இந்தியாவில் இருப்பதால் இவருக்கு இத்தீவில் நிலைத்து வாழும் எண்ணமில்லை என்று சட்டம் பொருள்கொண்டது. 1951 ஆகஸ்ட் 5ஆம் நாளோடு விண்ணப்பிக்கும் காலம் முடிந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக வந்த விண்ணப்பங்களில் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சத்துக்குள் அடங்குவர். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர். அவர்களுடைய துயரம் பலராலும் எழுதப்பெற்றது. கடைக்காரரின் துயரம் அவ்வளவாக எழுதப்பெறவில்லை.

நிக்காஹை மெய்ப்பிப்பது மற்றொரு சிக்கல். வலியும் சாட்சிகளும் இருக்க, ஈஜாபும் கபூலும் நிகழ்ந்தால் ஷரீஅத்தில் மணம் நிறைவேறிவிடுகிறது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் பதிவு செய்யாததாலேயே ஒரு மணம் செல்லாததாகாது என்றே கூறியது. எனினும் குடியுரிமை அலுவலகத்தில் வேண்டப்பட்டது காகிதம். அக்காலச் சட்டப்படி, முறையான மணத்தில் பிறந்த பிள்ளை தந்தை வழியிலேயே இலங்கைக் குடியுரிமை பெறும். மணவுறவுக்குப் புறம்பே பிறந்ததற்குத் தாய்வழி. ஆகவே ஒரு நிக்காஹ் மெய்ப்பிக்கப்படாமற் போனால், பிள்ளையின் நாடும் அதனுடனே நழுவிப்போகும். நம் மஹல்லாக்களில் கத்தீபோ லெப்பையோ எழுதிவைத்த ஏட்டில் மணமக்கள் பெயரும் மஹர்த் தொகையும் சாட்சிகளும் இருக்கும். ஊருக்கு அது போதும். இன்னொரு நாட்டின் அதிகாரிக்கு அது போதுமா என்பது அவ்வதிகாரியின் மனத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாரின் திருமணங்களையும் பதிவு செய்வது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கட்டாயமாயிற்று.

பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் நம் வழக்கமும் இதில் வந்து சேர்ந்தது. அக்கரையில் குடியுரிமை பெற்ற ஒருவரை மணந்த கீழக்கரைப் பெண், தலைப்பிள்ளையைப் பெறத் தன் உம்மாவிடம் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் வரை இந்திய மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே இந்தியக் குடியாகும். தந்தை ஓராண்டுக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிந்தால் இலங்கைக் குடியும் ஆகும். அவளே கொழும்பில் பெற்றிருந்தால் இந்தியச் சட்டம் அக்குழந்தையைத் தன்னுடையதென்று ஏற்காது. 1992 டிசம்பர் வரை வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழிக் குடியுரிமை இங்கில்லை. இலங்கையில் தாய்க்கு அவ்வுரிமை வந்தது 2003இல். எந்த வீட்டில் தொட்டில் கட்டினார்கள் என்பதே பிள்ளையின் நாட்டைத் தீர்மானித்தது.

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. இரு மாதத்தில் புயல் வந்து தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல் நின்றது. அதற்கு முன்பே, 1983 கலவரத்துக்குப்பின், மக்கள் படகேறி இக்கரைக்கு வரத் தொடங்கியிருந்தனர். இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோரை ஒருகாலத்தில் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பிய அதே மண்டபம் முகாம், இப்பொழுது அங்கிருந்து வருவோரைத் தங்கவைக்கும் இடமாயிற்று.

அம்முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், அகதியாகவே வளர்ந்து, இந்தியக் கடவுச்சீட்டு வேண்டி நீதிமன்றம் சென்றார். பெற்றோர் இலங்கையரே. பிறந்த ஊர் மண்டபம், பிறந்த ஆண்டு 1987க்கு முந்தியது என்னும் இரண்டையும் கொண்டு, 2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. அதே முகாமில் ஓரிரண்டு ஆண்டு கழித்துப் பிறந்த பிள்ளைகளுக்கு அச்சட்டப்பிரிவு உதவாது.