கடலில் ஊன்றிய கால்கள்



அடிப்பரப்பு அகன்றும் உயரம் குறைந்தும் இருக்கும் பொருள் எளிதில் சாயாது என்று அறிவியல் பாடத்தில் கற்பிக்கிறோம். உயரத்தைக் குறைக்கவே இயலாத காற்றாலையைக் கடலில் எவ்வாறு நிறுத்துவது? வரலாறு இதற்கு மூன்று விடைகளைத் தருகிறது.

முதல் விடை பாடநூலில் உள்ளதே. 1991ஆம் ஆண்டு டென்மார்க்கின் விண்டபி கடற்பகுதியில், உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணை அமைந்தது. அங்கே கடலின் ஆழம் 2 முதல் 4 மீட்டர்தான். 11 காற்றாலைகளும் அகன்ற காங்கிரீட் அடித்தளங்களின் எடையாலேயே நின்றன. 2017இல் அவை அகற்றப்பட்டன.

ஆழம் கூடியபோது அத்தகைய அடித்தளம் மிகப் பெரிதாகிச் செலவும் பெருகியது. எனவே அகலத்திற்குப் பதிலாக ஆழத்தை நாடினர். 2002இல் அதே நாட்டின் ஹார்ன்ஸ் ரெவ் பண்ணையில் 80 காற்றாலைகள் எழுந்தன. தடித்த எஃகுத் தகடுகளை வளைத்துப் பற்றவைத்து, ஏறத்தாழ 4 மீட்டர் விட்டமுள்ள குழாய்களாக்கினர். அவற்றை மாபெரும் சுத்தியலால் கடற்படுகைக்குள் அறைந்து இறக்கினர். நீரோட்டம் மணலை அரிக்காதிருக்கச் சுற்றிலும் கற்களைக் கொட்டினர்.

இம்முறையில், அறைந்த குழாயின்மேல் சற்றுப் பெரிய இன்னொரு குழாயைப் பொருத்தி, இடைவெளியைச் சிமெண்டுக் கலவையால் நிரப்புவது வழக்கம். 2009, 2010ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியப் பண்ணைகள் பலவற்றில் மேற்குழாய்கள் மெல்லக் கீழே நழுவுவது தெரியவந்தது. எஃகு உடையவில்லை; காற்றும் அலையும் ஓயாது அசைத்ததில் வழுவழுப்பான இணைப்பே பிடியிழந்தது. அதன்பின் கூம்பு வடிவ இணைப்புகளும் பெருந்திருகாணிகளும் இடம்பெற்றன. வடிவமைப்பு விதிகளும் திருத்தப்பட்டன.

மூன்றாவது விடை, காலே இல்லாமை! 2017இல் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே, ஏறக்குறைய 100 மீட்டர் ஆழக் கடலில், தலா 6 மெகாவாட் திறனுடைய 5 காற்றாலைகள் மிதக்கவிடப்பட்டன. நீண்ட எஃகு உருளையின் அடியில் பாரம் நிரப்பப்பட்டுள்ளது. நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் போல, சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். விலகிச் செல்லாதிருக்க ஒவ்வொன்றையும் மூன்று நங்கூரச் சங்கிலிகள் பிடித்துள்ளன.

“சாயாமலிருக்க என்ன செய்யலாம்?” என்னும் வினாவுக்கு “ஆழமாக ஊன்றலாம்”, “அடியில் பாரம் வைக்கலாம்” என்று ஒரு மாணவர் எழுதினால் நாம் மதிப்பெண் தருவோமா? விடைப்பட்டியலில் இல்லை என்பதற்காகச் சிவப்பு மையால் அடித்துவிட வேண்டாம் என்பதே என் பணிவான வேண்டுகோள். பொறியாளர்கள் கடலில் எழுதிய விடைகளும் அவைதாமே.