வண்டி ஏறிய நூலகம்

பண்டமாரான்வாசிகளுக்கு நடமாடும் நூலகம் புதிதல்ல. சிலாங்கூர் பொது நூலகத்தின் வேன்களை எங்கேனும் பார்த்திருப்பார்கள். அந்த வேனின் வம்சாவளி குதிரையில் தொடங்குகிறது.

1858இல் இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில், தொழிலாளர்களுக்கான கல்வி நிலையம் ஒன்று, படிக்க ஆள் வரவில்லையே என்று ஒற்றைக் குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றி வீட்டு வாசலுக்கே அனுப்பிவைத்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1905இல், அமெரிக்காவின் மேரிலாந்தில் மேரி டிட்கம் என்ற நூலகர் இரட்டைக் குதிரை பூட்டிக் கிராமங்களுக்குப் புத்தகம் அனுப்பினார். வண்டி கறுப்பாக இருந்துதொலைத்தது. பிணவண்டி என்று பயந்த ஒரு குடியானவர், இங்கே நிற்காதே என்று விரட்டியே விட்டாராம்! பிறகு சக்கரத்துக்கும் கதவுக்கும் சிவப்புச் சாயம் பூசினார்கள். 1910இல் சரக்கு ரயில் மோதி வண்டி நொறுங்கியது. குதிரைகளும் ஓட்டியவரும் தப்பினார்கள். 1912இல் மோட்டார் வண்டி வந்தது.

அதற்கும் பிறகு, 1931 அக்டோபரில், மன்னார்குடியில் புறப்பட்டது மாட்டுவண்டி நூலகம். அந்த வட்டாரத்து மண்பாதைக்கு மாடுதான் சரி. ஏற்பாடு செய்தவர் பொறியாளர் கனகசபைப் பிள்ளை. துணை நின்றவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்த அவருடைய புகழ்பெற்ற புத்தகமும் அதே ஆண்டுதான் வெளிவந்தது. புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படத்தான் என்பது முதல் விதி. மாடு அதைப் படிக்காமலே கடைப்பிடித்தது.

மன்னார்குடிக்குப் பக்கத்துத் துறைமுகம் நாகப்பட்டினம். அந்தக் காலத்தில் அங்கே ஏறினால் ரஜூலா கப்பல் பினாங்கைத் தொட்டு, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறக்கிவிட்டது. இன்றைய போர்ட் கிள்ளான். பண்டமாரானுக்கு அடுத்த வாசல். நம் ஊர்க் கடைகளில் தொங்கிய தமிழ்நாட்டு இதழ்களும் அந்நாளில் கடல் கடந்து வந்தவையே. வியாபாரிகள் கொண்டுவந்ததுதான் நமக்கு இலக்கியம்!

1998 பொங்கலன்று புத்தகம் கப்பலையும் விட்டது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்க, பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். கணினியில் தமிழ் தட்ட முரசு அஞ்சலைத் தந்தவர் மலேசியரான முத்து நெடுமாறன். கைப்பேசிக்கு அவர் உருவாக்கிய செல்லினம் 2005இல் வந்தது.

இனி நூலகம் முழுவதும் பைக்குள் வந்துவிடும் என்கிறார்கள். சங்க இலக்கியம் வந்தாயிற்று. நாட்டுடைமையான பாரதியும் வந்தாயிற்று. ஆனால் உரிமை இன்னும் எழுத்தாளரிடமோ குடும்பத்திடமோ இருக்கும் நூலை யாரும் கேட்காமல் ஏற்றிவிட முடியாது. மலேசியத் தமிழ் நாவல்களில் பெரும்பாலானவை இந்த ரகம். அச்சிட்டதும் சொற்பப் பிரதிகள். அனுமதி வாங்கி, ஒளிவருடி, ஏற்றும் வேலையை யார் செய்வது என்பது தொழில்நுட்பத்தைவிடப் பெரிய தலைவலி. அது முடியும்வரை அவற்றுக்குச் சக்கரம்தான் கதி. நூலக வேனில் தமிழுக்கு ஒரு தட்டு கிடைத்தால், அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை'யைத்தான் நான் முதலில் வைப்பேன். அந்த ஆறு கிள்ளானுக்குத் தெற்கே, கொஞ்ச தூரத்தில்தான் ஓடுகிறது.