பெட்டி மேல் ஓர் எண், உள்ளே வேறு கணக்கு

திருவண்ணாமலையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவருக்கு முகூர்த்த மாதங்கள் ஓய்ந்ததும் ஒரு சென்னைப் பயணம் பாக்கி இருக்கும். செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சுமார் 190 கிலோமீட்டர். சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு தாள். அதில் நாலைந்து கிராபிக்ஸ் கார்டுகளின் பெயர், எதிரே மெமரி எவ்வளவு, வாட் எவ்வளவு, விலை எவ்வளவு. போகிற இடம், ரிச்சி ஸ்ட்ரீட்.

அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் வரும் சின்னத் தெரு அது. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று அக்கம்பக்கத் தெருக்களையும் சேர்த்தே ஜனங்கள் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். மீரான் சாகிப் தெரு ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் கோட்டை. அதன் பக்கத்திலேயே ரேடியோ உதிரிபாகக் கடைகள் வளர்ந்தன. ரேடியோவுக்குப் பின் டேப் ரெக்கார்டர், அதற்குப் பின் டி.வி., கடைசியில் கம்ப்யூட்டர். தில்லியின் நேரு பிளேஸுக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் சந்தையாக இது ஆனது இப்படித்தான்.

ரேடியோ காலத்துச் சரக்கில் ஒரு நேர்மை இருந்தது. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என மூன்று கோடு போட்ட ரெசிஸ்டர் எந்தக் கடையில் வாங்கினாலும் ஆயிரம் ஓம்தான். பொருளின் மேல் இருப்பதே பொருளின் அளவு. கிராபிக்ஸ் கார்டு வந்தபோதுதான் அந்தப் பழக்கம் உடைந்தது.

தொடக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லை. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடூ’ வந்தபோது கேள்வி ஒன்றே ஒன்று: கம்ப்யூட்டரில் அது இருக்கிறதா, இல்லையா? 4 எம்.பி. மெமரி கொண்ட அந்தக் கார்டுக்கு முப்பரிமாணக் காட்சி மட்டுமே தெரியும். சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டு வேண்டும். பின்னால் இரண்டையும் ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். 1999இல் என்விடியா ‘ஜீஃபோர்ஸ் 256’ஐக் கொண்டுவந்து, அதற்கு ‘ஜிபியு’ என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளையே என்விடியா வாங்கியது. இன்னொரு போட்டியாளரான ஏடிஐ நிறுவனத்தை 2006இல் ஏஎம்டி வாங்கிக்கொண்டது. போட்டி இரண்டு பேருக்குள் சுருங்கியது. மாடல்களோ பெருகிக்கொண்டே போயின.

பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட வசதியான எண் மெமரி. 1 ஜி.பி.யைவிட 2 ஜி.பி. நல்லது, 4 ஜி.பி. அதைவிட நல்லது என்று வாங்குகிறவர் நினைத்தார். இந்த நினைப்பு எங்கே சறுக்கும் என்பதற்கு 2014இல் வந்த ‘ஜிடி 730’ நல்ல சாட்சி. ஒரே பெயரில் மூன்று கார்டுகள். ஒன்றில் 96 கோர், 128 பிட் மெமரிப் பாதை, பழைய ஃபெர்மி சிப். மற்ற இரண்டும் 384 கோர், 64 பிட் பாதை கொண்டவை. அந்த இரண்டிலும் ஒன்றில் டிடிஆர்3 மெமரி, இன்னொன்றில் ஜிடிடிஆர்5. பெயரை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு போனவருக்கு மூன்றில் எது வேண்டுமானாலும் கிடைக்கலாம்.

பின்னால் வந்த தலைமுறையிலும் இதே கதை. ‘ஜிடி 1030’ 2017இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. மெமரிப் பாதை 64 பிட், ஒவ்வொரு பிட்டிலும் நொடிக்கு 6 ஜிகாபிட். பெருக்கி 8ஆல் வகுத்தால் நொடிக்கு 48 ஜி.பி. மறு ஆண்டே அதே பெயரில், அதே 2 ஜி.பி.யோடு, டிடிஆர்4 போட்ட கார்டு வந்தது. மெதுவான அந்த மெமரிக்கு அதே கணக்கைப் போட்டால் 16.8 ஜி.பி.தான் வரும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு!

கல்யாண வீடியோக்காரருக்கு இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று அந்தக் கார்டில் இருந்தது. எடிட் செய்த படத்தை வேகமாக வெளியே எடுக்க உதவும் ‘என்வென்க்’ என்ற தனிப்பகுதி 2012 முதல் என்விடியா கார்டுகளில் வந்துகொண்டிருந்தது. ஜிடி 1030இல் அது கிடையாது. அதற்கு முந்திய ஆண்டு வந்த ‘ஜிடிஎக்ஸ் 1050’இல் உண்டு. மூன்று மணி நேர முகூர்த்த வீடியோவை இரவெல்லாம் ரெண்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு இந்த ஒரு வரிதான் முக்கியம்.

விலை உயர்ந்த கார்டுகளிலும் கதை வேறல்ல. 2014 செப்டம்பரில் வந்த ‘ஜிடிஎக்ஸ் 970’இன் 4 ஜி.பி.யில் 3.5 ஜி.பி. மட்டுமே முழு வேகத்தில் ஓடும் என்பது 2015 ஜனவரியில் வெளிப்பட்டது. அமெரிக்காவில் வழக்கு நடந்து, வாங்கியவர்களுக்குக் கார்டுக்கு 30 டாலர் தர என்விடியா ஒப்புக்கொண்டது. கார்டின் வேகத்தை அளக்கும் சோதனை மென்பொருளை நம்பலாமா என்றால், அங்கும் ஒரு பழைய வடு உண்டு. ‘3டிமார்க்03’ சோதனையில் மட்டும் மதிப்பெண் ஏறும்படி என்விடியாவின் டிரைவர் நடந்துகொண்டதை, அந்த மென்பொருளை உருவாக்கிய ஃபியூச்சர்மார்க் நிறுவனமே 2003 மே மாதம் அறிவித்தது.

ஒப்பீட்டு அட்டவணையில் வாட் கடைசி வரியாக நிற்கலாம். தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதை மேலே கொண்டுவந்தது மின்வெட்டு. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் மற்ற ஊர்களுக்கு அதைப்போல் பல மடங்கு. வீடுகளிலும் சின்னக் கடைகளிலும் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். 2010இன் ‘ஜிடிஎக்ஸ் 480’ தனியாகவே 250 வாட் கேட்டது. 2014இல் வந்த ‘ஜிடிஎக்ஸ் 750 டிஐ’க்கு 60 வாட் போதும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர்கூட வேண்டாம். கரண்ட் போனாலும் எடிட்டிங் டைம்லைன் சாகாமல் இருக்க வேண்டும் என்றால், எந்தக் கார்டு என்பதை யுபிஎஸ்தான் தீர்மானிக்கும்.

பிறகு விலையே நிலைகுலைந்த காலம் வந்தது. 2017, 2018இல் ஒருமுறையும், 2020 முதல் 2022 வரை இன்னொரு முறையும் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டுகளில் கணக்குப் போட்டு ‘வெட்டுகிறவர்கள்’ அவற்றை உலகம் முழுக்க அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று கார்டுகளால் வெட்டும் அந்த முறையை எத்தீரியம் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து கொட்டின. ஃபேன் தேய்ந்திருக்கிறதா, வாரண்டியில் எத்தனை மாதம் மிச்சம் என்ற இரண்டு கேள்விகள் அப்போதுதான் ஒப்பீட்டுத் தாளில் ஏறின.

திருவண்ணாமலையிலிருந்து கிளம்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலான கடைகளுக்கு அன்று விடுமுறை. கடைக்காரர் பெட்டியை நீட்டியதும் முன்பக்கத்து ஜி.பி.யை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். மெமரி எந்த வகை, பாதை எத்தனை பிட், வாட் எவ்வளவு என்ற மூன்றையும் படித்த பிறகு பில் போடச் சொல்லுங்கள்.